இடம் சொல்லாத ஆந்தை

"நர்சம்மா, அந்தக் கொம்பன் ஆந்தையை நீங்க நெசமாவே பாத்தீங்களா?"

"பாத்தேன், அண்ணாச்சி."

"எங்க?"

"பாறையில."

"எந்தப் பாறையில?"

ஜெபக்கனி நர்சம்மா வலது கையை நீட்டினார். கிழக்கே தொடங்கி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஒரு முழுச் சுற்று சுற்றி, கையை இறக்கிக்கொண்டார்.

அந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் ஒரு பொத்தை நிற்கும். பொத்தை என்றால் மலையாக வளராமல் நின்றுபோன பாறைக் குன்று. எண்ணிப் பார்த்தால் முப்பதுக்குக் குறையாது.

ஆவுடையப்பன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

அவர் முப்பத்தோரு வருஷம் போலீஸில் இருந்தவர். ஏட்டாக ஓய்வு பெற்றார். இன்னமும் ஊர் அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். அவரும் இன்னமும் ஏட்டையாதான். வீட்டில் உப்பு ஜாடி இடம் மாறியிருந்தால் எடுத்தது யார், எப்போது, எதற்கு என்று மூன்று கேள்வி கேட்காமல் சாப்பிட உட்காரமாட்டார்.

சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில்தான் நர்சம்மாவின் பழக்கம். கிராமம் கிராமமாகப் போய்த் தடுப்பூசி போடுகிறவர். அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர்.

"தினம் நாலு மைல் நடங்க, அண்ணாச்சி. தரையைப் பாத்துக்கிட்டே நடக்காதீங்க."

"பின்ன எதைப் பாக்க?"

நர்சம்மா ஜன்னலுக்கு வெளியே காட்டினார். மின்கம்பியில் ஒரு மங்கிய பறவை. ஒன்றுமில்லாத பறவை. அது சிறகை விரித்துக் கிளம்பியது. உள்ளே அத்தனை நீலம்.

பனங்காடை.

"இம்புட்டு நாளா இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் ஆவுடையப்பன். கேட்ட குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"இந்தக் கம்பியிலதான்."

அன்றிலிருந்து இரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நர்சம்மா கோயிலுக்குப் போகும் முன் ஒன்றரை மணி நேரம் அவருக்குப் பாடம். குளத்தங்கரை, உடைமரக் காடு, பனைவிளை. நர்சம்மா அதிகம் பேசமாட்டார். அது என்ன குருவி என்று கேட்டால் பேரைச் சொல்லமாட்டார். "அது என்ன செய்யுது?" என்று திருப்பிக் கேட்பார். வாலை ஆட்டுது. தலைகீழாத் தொங்குது. முள்ளுல வெட்டுக்கிளியைக் குத்தி வைக்குது. அதைச் சொன்ன பிறகுதான் பேர் கிடைக்கும்.

அந்த இரண்டு வருஷத்தில் நர்சம்மா அவரிடம் மறைத்தது எதுவும் இல்லை. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

மார்கழியில் ஒரு நாள் துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மா ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மேஜையில் அவருடைய பறவை நோட்டு கிடந்தது. ஆவுடையப்பன் அதைப் புரட்டினார். தேதி, பறவை, எண்ணிக்கை, இடம் என்று வரிசையாக எழுதியிருந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் இடம் இல்லை.

கொம்பன் ஆந்தை, இரண்டு. குஞ்சு, மூன்று. இடம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

அதைத்தான் அவர் மறுநாள் கேட்டார். நோட்டை எப்போது பார்த்தீர்கள் என்று நர்சம்மா கேட்கவில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. குற்றம் இல்லாதவர்கள் முதலில் அதைத்தானே கேட்பார்கள்?

ஆந்தை வியாபாரம் அவருக்குத் தெரியாததல்ல. வேலையில் இருந்தபோது ஒரு தை அமாவாசைக்கு முந்தின நாள், பஸ் நிலையத்தில் ஒருவனைப் பிடித்தார். கோணிச்சாக்கில் நான்கு ஆந்தை, காலைக் கட்டி. மாந்திரீகத்துக்கு என்றான். பெரிய ஆந்தை, கொம்பு இருக்கிறது என்றால் கேட்ட விலை என்றான். அந்தச் சாக்கைத் திறந்தபோது எட்டுக் கண்ணும் அவரையே பார்த்தன.

இப்போது தை அமாவாசைக்கு ஒரு மாதம் இருந்தது.

அவர் கணக்குப் போட்டார். புதன்கிழமை தடுப்பூசி நாள். இரண்டு மணிக்கு வேலை முடியும். அங்கிருந்து நர்சம்மா வீட்டுக்கு ஸ்கூட்டியில் இருபது நிமிஷம். ஆனால் புதன்கிழமைகளில் வீடு சேர ஆறாகிறது. பின்னால் கட்டியிருப்பது நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி. மூடி இறுக்கமானது. மூன்று குஞ்சு தாராளமாக உட்காரும்.

அப்படி நினைத்திருக்கக் கூடாது என்று பட்டது. ஆனாலும் நினைத்ததை அழிக்க முடியவில்லை.

விசாரணை தொடங்கியது.

டீக்கடை மாடக்கண்ணுவிடம் கேட்டார்: "நர்சம்மா புதன்கிழமை இந்தப் பக்கமாவா போறாங்க?"

"போறாங்க. எதுக்கு ஏட்டையா?"

"சும்மாதான்."

ஏட்டையா சும்மா கேட்பார் என்று நம்ப அந்த ஊரில் ஆள் இல்லை.

ஆடு மேய்க்கிறவரிடம் கேட்டார். முள் வெட்டுகிற பெண்களிடம் கேட்டார். தார் ரோடு போடுகிறவர்களிடம் கேட்டார். ஒருவர் ஓடைப்பாலம் வரை சொன்னார். இன்னொருவர் அதற்கு அப்பால் சொன்னார். கடைசியில் வழி ஊசிப்பொத்தையில் போய் நின்றது. அங்கே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. வெடி வைத்துப் பிளந்த செங்குத்துப் பாறை, நடுவே மழைத்தண்ணீர்.

அடுத்த புதன்கிழமை மூன்று மணிக்கு ஆவுடையப்பன் சைக்கிளை ஓடையில் படுக்கப் போட்டுவிட்டு நடந்தே போனார்.

குவாரிக்குப் போகிற வண்டித்தடத்தில் ஸ்கூட்டி நின்றது. பக்கத்தில் ஒரு கல்லில் நர்சம்மா உட்கார்ந்திருந்தார். குவாரிக்கு முதுகு காட்டி, வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு.

ஒளிந்து வந்தவருக்கு ஒளிய இடமில்லை.

"வாங்க, அண்ணாச்சி."

"இங்க என்ன செய்யுதீங்க, நர்சம்மா?"

"பாக்குதேன்."

"ஆந்தையையா?"

"வழியை."

ஆவுடையப்பனின் பார்வை தடுப்பூசிப் பெட்டிக்குப் போனது. நர்சம்மா எழுந்தார். பெட்டியின் கொக்கியை விடுவித்து, மூடியைக் கழற்றி, அவர் முன்னால் வைத்தார். ஐஸ் உருகிய நான்கு பைகள். அடியில் ஒரு காலி டிபன் டப்பா.

ஆவுடையப்பன் உள்ளே பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. டப்பாவைக்கூட ஆட்டிப் பார்த்தார்.

பார்த்து முடிக்கும் வரை நர்சம்மா காத்திருந்தார். பிறகு மூடியைப் போட்டார்.

"இன்னைக்கு நீங்க மூணாவது ஆளு."

"யாரு வந்தா?"

"ரெண்டு பேரு. கையில வலை. கௌதாரி பிடிக்க வந்தோம்னாங்க. நாலு மாசமா இந்தப் பக்கம் ஒரு காக்கா குஞ்சு வந்ததில்ல, அண்ணாச்சி. இன்னைக்கு வந்து எங்கிட்டக் கேட்டாங்க: 'ஏட்டையா தேடுத எடம் இதுதானா?'"

காற்று அடித்தது. குவாரிக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

ஆவுடையப்பன் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு கேட்டார்: "குஞ்சு பறக்க எத்தனை நாளாகும்?"

"ஒரு மாசம்."

"வனத்துறைக்குப் போன் போடுதேன்."

"போடுங்க. ஜீப்புல வருவாங்க. ஜீப்புக்குப் பின்னால ஊரு வரும்."

அது உண்மை. ஆந்தை கையில் இல்லாமல் வலையை மட்டும் வைத்து யாரையும் உள்ளே தள்ள முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நர்சம்மா."

நர்சம்மா ஸ்கூட்டியைக் கிளப்பினார்.

"இனிமே நான் இங்க வரமாட்டேன், அண்ணாச்சி. நீங்களும் வராதீங்க."

"நான் அதை ஒரு தடவை..."

"அதுக்கு இப்ப நம்ம ரெண்டு பேரும் வேண்டாம்."

முப்பதடி தள்ளி, பாறை விளிம்புக்கு அந்தப் பக்கம் அந்த ஆந்தை இருந்தது. ஆவுடையப்பன் அந்தத் திசையில் தலையைத் திருப்பாமல் திரும்பி நடந்தார்.

மறுநாள் காலை மாடக்கண்ணு டீயை நீட்டிக்கொண்டே கேட்டான்: "என்ன ஏட்டையா, கிடைச்சுதா?"

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் அவருக்கு அறிமுகம் இல்லாதவர்கள்.

"அந்தம்மா குவாரிப் பக்கம் ஜெபம் பண்ணப் போகுது. அங்க ஒண்ணும் கிடையாது," என்றார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு. "விஷயம் மொட்டைப்பொத்தையில இருக்கு. வெளிய சொல்லிறாத."

மொட்டைப்பொத்தை ஊசிப்பொத்தைக்கு நேர் எதிர்த்திசையில், ஏழு மைல். மரம் கிடையாது. ஆந்தை ஒண்டுவதற்கு ஒரு பொந்து கிடையாது.

அன்று மத்தியானம் அவர் பைனாகுலரும் தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொண்டு மொட்டைப்பொத்தை அடிவாரத்தில் போய் உட்கார்ந்தார். எதிரே இருந்த பாறையைப் பார்த்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் அந்த இரண்டு பேரும் வந்தார்கள். பொத்தை முழுக்க ஏறி இறங்கினார்கள். சாயங்காலம் வியர்த்து வழிய அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவனுக்குத் தாடையில் ஒரு வெட்டுத் தழும்பு.

"ஏட்டையா, மேல ஒண்ணும் இல்லையே."

"அப்படியா?"

"பின்ன நீங்க எதைப் பாக்குதீங்க?"

"பாறையை."

"வெறும் பாறையைப் பாக்கவா ஏழு மைல் சைக்கிள் மிதிச்சு வாரீங்க?"

ஆவுடையப்பன் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். தழும்புக்காரன் அது காட்டிய இடத்தையே உற்றுப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்த சந்தேகம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதே கண்ணோடுதான் அவர் நர்சம்மாவின் பெட்டிக்குள் பார்த்திருந்தார்.

அதன் பிறகு அவர்கள் தினமும் வந்தார்கள். தூரத்தில் ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்து அவரைக் காவல் காத்தார்கள். அவர் பாறையைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

பொய்யாகப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் நிஜமாகவே பார்த்தார். வெயில் பாறையின் ஒரு பிளவிலிருந்து இன்னொரு பிளவுக்கு நகர்வதைப் பார்த்தார். ஒரு கருஞ்சிட்டு ஜோடி ஒரே கல்லின் மேல் வாலைத் தூக்கித் தூக்கி வைத்ததைப் பார்த்தார். இரண்டு கல் மற்றக் கூழாங்கற்களைவிட உருண்டையாக இருப்பதைப் பன்னிரண்டாம் நாள்தான் கவனித்தார். அவை ஆட்காட்டிக் குருவியின் முட்டைகள். இத்தனை நாளும் அவற்றுக்கு நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் இடத்தை மாற்றிக்கொண்டார். எதற்கு மாற்றினார் என்று பார்க்க அந்த இரண்டு பேரும் பழைய இடத்தைச் சுற்றி வருவார்களோ என்று அன்று முழுக்கப் பதறினார். வந்தார்கள்தான். முட்டைகளைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் தேடியது அது இல்லை.

ஊரில் பேச்சு வந்தது. ஏட்டையாவுக்குச் சர்க்கரை தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். புதையல் என்றார்கள். "கூட்டாளி யாரு, ஏட்டையா?" என்று மாடக்கண்ணுவே ஒரு நாள் கேட்டான். வீட்டுக்காரி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், சட்டைப்பையைத் துழாவினாள். அவர் எதையும் மறுக்கவில்லை. மறுத்தால் அவர்கள் வேறு இடத்தில் தேடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நர்சம்மாவைப் பார்க்கப் போகவில்லை. வழியில் கண்டால்கூட இருவரும் தெரியாதவர்கள் மாதிரி கடந்துபோனார்கள்.

தை அமாவாசை வந்தது. அன்று அந்த இரண்டு பேரில் ஒருவன் மட்டும்தான் மரத்தடியில் இருந்தான். தழும்புக்காரனைக் காணோம். ஆவுடையப்பனுக்கு எழுந்து ஊசிப்பொத்தைக்கு ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினால் மரத்தடியில் இருப்பவன் பின்னாலேயே வருவான்.

அவர் எழவில்லை. இருட்டும் வரை பாறையைப் பார்த்தார்.

அமாவாசைக்குப் பிறகு இரண்டு பேரும் வரவில்லை. ஆனாலும் அவர் போய்க்கொண்டிருந்தார்.

முப்பத்தோராவது நாள் சாயங்காலம் நர்சம்மா வந்தார். ஸ்கூட்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவரும் எதிரே இருந்த பாறையைப் பார்த்தார்.

"இன்னைக்குக் குவாரிக்குப் போயிருந்தேன், அண்ணாச்சி."

ஆவுடையப்பன் திரும்பவில்லை.

"பறந்துட்டு. ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போயி உட்காருது. ரெண்டு குஞ்சு."

"மூணுல்லா?"

"மூணுதான்."

"மூணாவது?"

நர்சம்மா ஒரு கூழாங்கல்லை எடுத்து, திருப்பிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"கீரி கொண்டு போயிருக்கும்."

ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்பதற்கு ஆவுடையப்பனுக்கு ஒரு கணம் போதும். முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும்.

நர்சம்மாவுக்கும் அது தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல அவருக்கு நேராகவே உட்கார்ந்திருந்தார்.

ஆவுடையப்பன் பாறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கீரிதான்," என்றார்.