கிட்டங்கி ஜன்னலில் கேட்ட பட்டியல்

தென்காசியில் ஒரு குரு இருந்தாள். பெயர் நசீமா. வயது இருபத்தாறு. சீடன் பால்வண்ணனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது.

பால்வண்ணன் ஊரில் கேபிள் டிவி நடத்தியவர். தொழில் படுத்ததும் கம்ப்யூட்டர் படித்து, நசீமா வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனியில் அவளுக்குக் கீழே சேர்ந்தார். "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்குத்தான். கிண்டல் எப்போதோ போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. அடக்கம் மட்டும் அவர் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு விஷயம் இது. கம்பெனி செய்யும் ஒவ்வொரு மென்பொருளையும், அது ஓடத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டி வைப்பார்கள். கன்டெய்னர் இமேஜ் என்று பெயர். மூட்டைகள் கிடப்பது இணையத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில். மென்பொருளுக்கு ஒரு அறை. அந்த அறைதான் ரெப்பாசிட்டரி. இப்போது கிட்டங்கிக்காரன் கடையை மூடுகிறான். சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதற்குள் என்னென்ன அறை இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, பட்டியலில் உள்ளதைப் புது இடத்துக்கு நகர்த்த வேண்டும். பட்டியலில் இல்லாதது போச்சு.

"நான் ஒருத்தனே முடிச்சிருவேன்," என்று முதலாளி சங்கரநயினாரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டார் பால்வண்ணன். "ஒண்ணு விட்டுப் போனாலும் நாளைக்கு வரமாட்டேன். மறுபடியும் கேபிள் இழுக்கப் போயிருதேன்."

முதலாளி சிரித்திருந்தால் பரவாயில்லை. "சரி," என்றார்.

கிட்டங்கிக்கு ஒரு ஜன்னல் உண்டு. ஏபிஐ என்பார்கள். ஜன்னலுக்குப் பின்னால் ஆள் கிடையாது. ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் உண்டு, அதுதான் சாவி. நம் ப்ரோகிராம் போய்ச் சாவியைக் காட்டிக் கேட்கும், ஜன்னல் பதில் சொல்லும். பால்வண்ணன் தன் சாவியைக் காட்டிக் கேட்டார். பட்டியல் வந்தது. பிழை என்று ஒரு வரி இல்லை. அப்படியே கோப்பாக்கிக்கொண்டு நசீமா முன்னால் போய் நின்றார்.

"முடிஞ்சது குருவே. இதுக்குப் போயி ஊரையே கூட்டினீங்களே."

நசீமா கோப்பைப் பார்க்கவில்லை. டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"முழுசா வந்திருச்சா அண்ணாச்சி?"

"பிழையே இல்லையே."

"நான் அதைக் கேக்கலை."

"விட்டுப் போனதுன்னு ஒண்ணு இருந்தா, அது எப்படிங்க தெரியும்?"

நசீமா டீயைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"இன்னைக்கு லீவு போட்டவங்க எல்லாம் கை தூக்குங்க," என்றாள் சத்தமாக.

ஆபீஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மூலையிலிருந்து ஜெபராணி மட்டும், "நான் நேத்து லீவு. அது சேர்த்தியா?" என்றாள்.

"சேர்த்தி இல்லை," என்றபடி நசீமா இறங்கினாள். "ஒரு கை கூட இல்லை அண்ணாச்சி. எல்லாரும் வந்தாச்சு."

பால்வண்ணன் தன் இடத்துக்குத் திரும்பினார். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. அங்கே உட்காரும் பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், லீவு.

அவருக்கு எரிச்சல் வந்தது. ஜன்னல் தந்த பதிலை மறுபடி கீழ் வரி வரைக்கும் படித்தார். அடியில் ஒரு குறி இருந்தது. இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் இந்தக் குறியைக் காட்டிக் கேள் என்று அதற்கு அர்த்தம். ஜன்னல் ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிதான் கொடுக்கும். முதல் கைப்பிடியை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். இந்த முறை குறி வராமல் போகும் வரைக்கும் கேட்டார். பட்டியல் இரண்டு மடங்காக ஊதியது.

"இப்பவாவது முழுசுன்னு சொல்லுங்க."

"நானும் காலையிலயே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் நசீமா. "உங்களைச் சோதிக்கத்தான். ரெண்டையும் பக்கத்துல வைங்க."

வைத்தார். அவள் பட்டியலில் சில பெயர்கள் கூட இருந்தன.

"இது எப்படி? நான் கடைசி வரைக்கும் கேட்டேனே."

"யார் சாவியைக் காட்டிக் கேட்டீங்க?"

"என் சாவி."

"உங்க சாவிக்குத் திறக்காத அறையை ஜன்னல் சொல்லாது. மறைச்சிருக்கேன்னும் சொல்லாது. பேசாம இருந்துரும்."

பால்வண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரே நாளில் ரெண்டு அடி. அதுவும் வேலைக்கு உலை வைக்கிற அடி.

"என் பட்டியலை எடுத்துக்கிட்டு நகர்த்த ஆரம்பிங்க," என்றாள் நசீமா. "நேரம் போகுது."

அவர் நகரவில்லை.

"குருவே. உங்க சாவிக்கும் திறக்காதது ஒண்ணு இருந்தா?"

நசீமா தன் பட்டியலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "அதை நான் யோசிக்கலை," என்றாள்.

பால்வண்ணனுக்குப் பழைய தெம்பு திரும்பியது. கேபிள் நடத்திய காலத்தில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால், அவர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். சீரியல் நேரத்தில் தெருவில் நடப்பார். எந்த வீட்டுக்குள் அழுகைச் சத்தம் கேட்கிறதோ அந்த வீட்டில் இணைப்பு இருக்கிறது. கம்பத்தில் திருட்டுக் கொக்கி போட்டவன் கூட அதில் மாட்டுவான்.

"கிட்டங்கியைக் கேட்டது போதும்," என்றார். "ஓடுத மிஷினை எல்லாம் கேக்கப் போறேன். நீ எந்த மூட்டையைப் பிரிச்சு ஓடுதேன்னு."

கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்புதான். ஒவ்வொன்றாக உள்ளே போனார். அது சொன்ன பெயரை நசீமாவின் பட்டியலில் தேடினார். இருக்கிறது. இருக்கிறது. இருக்கிறது. பின்னால் நின்ற நசீமாவின் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

ஒரு பெயர் இல்லை.

அது ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் ஓடுகிறது. எந்த வகை ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். அதைச் செய்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான். அறையைத் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருந்தான். மிஷின் நிற்காமல் ஓடுவதால் யாருக்கும் நினைவில்லை. என்றைக்காவது அது நின்று, மறுபடி மூட்டையை எடுக்க வரும்போது கிட்டங்கியே இருக்காது.

"யா அல்லாஹ்," என்றாள் நசீமா மெதுவாக. "அண்ணாச்சி, இதுக்கு முதலாளி சாவிதான் வேணும். கிட்டங்கியில கம்பெனியே அவர் பேர்லதான் பதிஞ்சிருக்கு, அதுக்கு எல்லா அறையும் திறக்கும். ஆனா அவர் யாருக்கும் தரமாட்டார்."

"என்கிட்ட தருவார்."

முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எதுக்கு என் சாவி? நசீமாட்ட இல்லாததா?"

"அவங்க சாவிக்கே தெரியாதது ஒண்ணு மாட்டியிருக்கு சார். உங்களுக்கும் தெரியாது. உங்க சாவிக்குத் தெரியும்."

"பட்டியலை ஒருத்தனே எடுத்துருவேன்னு நேத்து சொன்னீரே."

"எடுத்தேன். தப்பா எடுத்தேன். இப்ப சரியா எடுக்கணும்."

முதலாளி எழுந்து வந்து பால்வண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிடும்வே. நீயும்தாம்மா."

குருவும் சீடனும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி ஒற்றை விரலால் சாவியைத் தட்டி முடித்தார். ஜன்னல் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டியது. ரத்த வங்கி அதில் இருந்தது. எந்த மிஷினும் ஓட்டாமல், எவர் கண்ணிலும் படாமல் கிடந்த வேறு சில அறைகளும் இருந்தன.

அப்புறம் ஓட்டம்தான். ஜெபராணி பாதியை வாங்கிக்கொண்டாள். முதலாளியே எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தார். ஆறு அடிக்கக் கொஞ்சம் முன்னால் கடைசி மூட்டை புது இடத்தில் இறங்கியது. ஆறு அடித்ததும் பழைய ஜன்னலைத் தட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு இடமே இல்லை என்று பதில் வந்தது.

பால்வண்ணன் சும்மா கிடந்த ஒரு மிஷினில் ரத்த வங்கி மூட்டையைப் புது இடத்திலிருந்து இறக்கிப் பிரித்தார். எல்லாரும் அவர் பின்னால் வந்து கூடினார்கள். திரையில் ஓ பாசிட்டிவ், ஏ நெகட்டிவ் என்று வரிசையாக வந்து நின்றது. ஜெபராணி இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். ஆபீஸே கை தட்டியது.

"நாளைக்குச் சீக்கிரமே வாரும்," என்றார் முதலாளி. "அந்தக் கோப்பைப் பத்திரமா வையும்."

பால்வண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கோப்பின் தலையில் 'கம்பெனியின் முழுப் பட்டியல்' என்று பெரிய எழுத்தில் அடித்தார். நசீமா தன் பட்டியலை அழித்துக்கொண்டிருந்தாள்.

"தலைப்பு எப்படி குருவே?"

அவள் எட்டிப் பார்த்தாள். "மாத்துங்க."

"ஏன்? உங்களையே முந்திட்டேன்லா?"

"முந்திட்டீங்க. அதான் உங்க பேரையே போடச் சொல்லுதேன்."

"என்னன்னு போட?"

"'பால்வண்ணன் பார்த்த வரைக்கும்'னு போடுங்க."