தேதிக்கு ஆணி அடித்தவர்கள்

ஆடி மாதத்தில் ஒரு நாள், காலை ஒன்பது மணிக்கு, கோணக்காவூரில் மூன்று பேர் ஒரு தினசரி காலண்டர் முன்னால் நின்றார்கள். நடுவில் நின்றவர் திருமேனி, பெண்ணைப் பெற்றவர்.

சம்பந்தி அப்போதுதான் போனில் சொல்லியிருந்தார்: "ஆவணி இருபது நல்ல நாள். டேட்டை ஃபிக்ஸ் பண்ணிடுங்க. போன தடவை மாதிரி தள்ளிப் போச்சுன்னா நாங்க வேற இடம் பாத்துக்குவோம்."

மகள் பவளக்கொடிக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதனால் திருமேனிக்கு வியர்த்தது.

"ஃபிக்ஸுன்னா எப்படிண்ணே பண்றது?"

"ஃபேனை ஃபிக்ஸ் பண்ணலையா, பைப்பை ஃபிக்ஸ் பண்ணலையா? அதேதான்டா," என்றார் அண்ணன் அய்யாவு.

மைத்துனர் மருதை நூலகத்து அகராதியைப் புரட்டினார். "அசையாம பொருத்துறதுன்னு போட்டிருக்கு மச்சான். லத்தீன்லேர்ந்து வந்த சொல்லாம். அங்க குத்தி இறக்குறதுன்னு அர்த்தமாம்."

"பாத்தியா! லத்தீன்காரனே ஆணியாலதான் பண்ணியிருக்கான்."

ஆவணி இருபதுக்கு மேலே இருந்த தாள்கள் இடைஞ்சலாக இருந்தன. கிழித்தார்கள். நாலு அங்குல ஆணியைத் தேதியின் நடுவில் வைத்துச் சுவரோடு அறைந்தார்கள். திருமேனி ஆட்டிப் பார்த்தார். தேதி அசையவில்லை. சம்பந்திக்குப் போன் போட்டார்: "ஃபிக்ஸ் பண்ணியாச்சு. இனி எவனாலயும் தள்ள முடியாது."

பவளக்கொடி வந்து பார்த்தாள். "என்னப்பா, இன்னிக்கேவா கல்யாணம்?"

மூவரும் காலண்டரைப் பார்த்தார்கள். ஆவணி இருபதேதான். அடித்துப் பிடித்து வாழைமரம் கட்டினார்கள். மாப்பிள்ளை வரவில்லை. முகூர்த்தம் தவறிவிட்டதென்று திருமேனி சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் எழுந்து காலண்டரைப் பார்த்தார்.

"அண்ணே, தப்பலை! நாள் அங்கேயே நிக்குது!"

அன்று முதல் தினமும் சாம்பார் கொதித்தது. பவளக்கொடி பட்டுப்புடவையிலேயே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

நிஜமான ஆவணி இருபதில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். "இப்பவாச்சும் வர வழி தெரிஞ்சுதே," என்றாள் பவளக்கொடி. தாலி ஏறியது.

மறுநாள் காலை பெண்ணோடு கிளம்பிய மாப்பிள்ளை கதிரேசனைத் திருமேனி வாசலில் மறித்தார். "முகூர்த்தத்தை வெச்சுக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"மாமா, முதல்ல அந்த ஆணியைப் பிடுங்குங்க."

"பிடுங்கினா கல்யாணம் தள்ளிப் போயிடுமே, மாப்பிள்ளை!"

"எனக்கு ஒரு நாள்தான் லீவு."

"அந்த ஒரு நாள்தானே இன்னும் ஓடிக்கிட்டிருக்கு," என்றார் அய்யாவு.

கதிரேசன் காலண்டரைப் பார்த்தார். யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது.

புரட்டாசி எட்டாம் தேதி காலையில் அவர் இருபதாவது முறையாகத் தாலி கட்டினார்.