முட்டை மிதக்கும் பதம்

"மனசு அடியிலேயே கிடக்கு, அம்மை. எத்தனை தியானம் பண்ணியும் எழும்பல. நான் ஊருக்கே போயிருதேன்" என்றார் சொரிமுத்து.

அந்த மடத்துக்கு அம்மைதான் குரு. சொரிமுத்துவைவிட வயதில் சின்னவள். ஆனாலும் குரு குருதானே. கைகட்டி நின்றார்.

மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு வந்த மனிதர். துறவியாகப் போகிறவன் அழக் கூடாது என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டவர். வந்த நாள் முதல் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பிள்ளையின் பெயரைக்கூட வாயில் எடுத்ததில்லை.

"போறதுதான் போறீங்க. மாங்காய் ஊறப்போட உப்புத்தண்ணி கரைச்சு வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றாள் அம்மை.

மடத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பானைத் தண்ணீரில் அன்றைக்கு இட்ட முட்டை ஒன்றைப் போடுவார்கள். உப்பு ஏறி முட்டை மிதந்தால்தான் பதம்.

சொரிமுத்து முட்டையை விட்டார். அடியில் போய் உட்கார்ந்தது. போகிற அவசரத்தில் கல்லுப்பை அள்ளி அள்ளிப் போட்டார். உப்பும் முட்டைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இவ்வளவு போட்டும் எழும்பலியே, அம்மை."

"போட்டீங்க. கரைச்சீங்களா?"

கையை விட்டுக் கலக்கினார். கல்லெல்லாம் விரலில் குத்தியது. கலக்கக் கலக்க நறநறப்பு குறைந்தது. கடைசியில் விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"உப்பைக் காணோம்."

"கையை எடுக்காதீங்க."

உள்ளங்கையில் ஏதோ இடித்தது.

முட்டை.

யாரும் தொடவில்லை, யாரும் தூக்கவில்லை. தானாக மேலே வந்து அவர் கைக்குள் நின்றது.

சொரிமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உப்பைத் தின்று வளர்ந்த உடம்புதான். அந்த உப்புக்கு இப்படி ஒரு பலம் இருப்பதை இன்றைக்குத்தான் கண்டார்.

பானைக்குள் ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

பதறிப்போய் முகத்தைத் திருப்பினார். "தண்ணி கெட்டுப்போச்சே, அம்மை."

"உப்புல உப்பு விழுந்தா கெடுமா அண்ணாச்சி? கலக்குங்க."

கலக்கினார்.

"செண்பகம்" என்றார். "என் மக பேரு செண்பகம்."

அம்மை பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பதம் வந்தாச்சு. மாங்காயைக் கொண்டாங்க."