ஆள்காட்டி தரைக்கு வந்தது

அந்தக் காலத்தில் காட்டுக்கு ஒரே பேச்சுதான். பன்றி சொன்னது மைனாவுக்கும் புரியும். ஒரு கோடையில் மலையடிவாரத்து மடு ஒன்றில் மட்டும் தண்ணீர் மிஞ்சியிருந்தது.

மலைக்கு அப்பாலிருந்து மூன்று நாள் நடந்து வந்த சருகுமான், அந்த மடுவின் கிழக்குக் கரையில் இறங்கி இரண்டு மடக்குக் குடித்தது. மூன்றாவது மடக்குக்குள் மடுவின் காவலரான காட்டுப்பன்றி எதிரே வந்து நின்றது.

"வெளியே வா. மழை பெய்யும்வரை உனக்கு இங்கே தண்ணீர் கிடையாது."

"ஏன் அண்ணே?"

"கிழக்குக் கரையில் யாரும் இறங்கக் கூடாது. சட்டம். மீறினால் இதுதான் தண்டனை."

சருகுமானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தண்ணீர் இல்லாமல் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. கரையில் நின்றவர்களிடம் சட்டத்தைப் பற்றி விசாரித்தது. பகலில் மட்டும்தான் தடை என்றது மயில். குளம்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்றது முயல். குடிக்கலாம், குளிக்கத்தான் கூடாது என்றது காட்டெருமை, கழுத்தளவு தண்ணீரில் கிடந்தபடி. கேட்கக் கேட்கச் சருகுமானுக்குத் தலை சுற்றியது. தான் செய்தது குற்றமா, செய்ததில் எது குற்றம், எதுவும் பிடிபடவில்லை.

பன்றி அதைச் சபைத் தலைவரான யானையிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

"ஐந்து நாளைக்கு முன் சபை கூடினோம்" என்றது யானை. "கிழக்குக் கரையில் மீன்கள் முட்டையிட்டிருக்கின்றன, மிதிபட்டால் மீன் இனமே போய்விடும் என்று நீர்நாய் முன்மொழிந்தது."

"அதற்கு மீன்மேல் அப்படியொரு பாசம்" என்றது பன்றி.

"ஒரு பகல் முழுக்க வாதாடினோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒப்பினார்கள். நான் துதிக்கையை உயர்த்தினேன். சட்டமாகிவிட்டது."

"ஐந்து நாளைக்கு முன் நான் மலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தேன் ஐயா. எனக்கு யார் சொன்னார்கள்?"

யானை யோசித்தது. "ஆள்காட்டிக் குருவி சொல்லியிருக்குமே. சட்டத்தை எல்லாருக்கும் அறிவிக்கத்தானே அதை நியமித்தோம்."

மருத மரத்தின் உச்சிக் கிளையிலிருந்து ஆள்காட்டி எட்டிப் பார்த்தது. "சொன்னேன் ஐயா. சபை கலைவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்."

"யாரிடம்?"

"சபையில் இருந்தவர்களிடம்."

"அவர்களுக்குத்தான் முன்பே தெரியுமே" என்றது சருகுமான். அப்படிக் கேட்பதும் குற்றமோ என்று உடனே பயந்தது.

"தெரியாது என்பவரையெல்லாம் விட்டுவிட்டால், நாளைக்குக் காடு முழுக்கத் தெரியாது என்றுதான் சொல்லும்" என்றது பன்றி. யானைக்கு அதுவும் சரியாகத்தான் பட்டது. யானை மடுவை இரண்டு முறை சுற்றி வந்தது. சருகுமானின் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் யானை நின்றது. "காதில் விழாத சட்டத்துக்குத் தண்டனை இல்லை. இவளை விடு. ஆனால் விழுந்த பிறகு யாருக்கும் விலக்கு இல்லை."

ஆள்காட்டி மரத்தை விட்டு இறங்கி, கிழக்குக் கரையின் சரளைக் கற்களுக்கு நடுவே போய் நின்றது. "இனி என் இடம் இது" என்றது.

சருகுமான் மேற்குக் கரைக்குப் போனது. ஒரு காலைத் தூக்கியபடி அங்கேயே தயங்கியது. "அக்கா, இங்கே குடிக்கலாமா?"

"குடி, குடி" என்று கத்தியது ஆள்காட்டி.

அன்று தரைக்கு வந்த ஆள்காட்டி பிறகு மரம் ஏறவே இல்லை. இன்றும் நீர்க்கரையில் யார் கால் வைத்தாலும், அறிந்தவரா அறியாதவரா என்று பாராமல், தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பறந்து அவர் காதில் விழும்வரை கத்துகிறது.