மின்னும் முருங்கைக்காயும் பத்தாவது கையெழுத்தும்

தாவரவியல் அருமைநாதன் சார் கதை அளக்க ஆரம்பித்தால், கேன்டீன் மாஸ்டர் முதல் வேலையாக அடுப்பைக் குறைத்துவிடுவார். இல்லாவிட்டால் வடை கருகுவதுகூடத் தெரியாமல் நின்றுவிடுவார் மனுஷன்.

அன்றைக்கு சாரின் கண் கடிகாரத்திலேயே இருந்தது. உயிரியல் பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழில் தொடங்கக் கற்றுத்தரும் வகுப்பு, அவர் ஆசை ஆசையாய் உருவாக்கியது. சேர்ந்தது ஒன்பது பேர். நாலு மணிக்குள் பத்தாவது கையெழுத்து வராவிட்டால் வகுப்பு ரத்து என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். மணி மூன்றே முக்கால்.

எதிரே டீயோடு விலங்கியல் மாணவி செண்பகவல்லி. "எதுக்கு சார் அதுல சேரணும்?"

"எதுக்கா? போன வருசம் நம்ம இசக்கிராஜ் மின்மினிப் பூச்சியோட வெளிச்சத்தை முருங்கை மரத்துல ஏத்துனாம்மா. காய் ஒவ்வொண்ணும் டியூப்லைட்டு! தெருவே சாம்பார் வச்சுச் சாப்பிட்டுச்சு. அப்புறம் ஒரு வீட்டுலயும் லைட்டு போடல. அவங்கவங்க வயித்து வெளிச்சத்துல பேப்பர் படிச்சாங்க."

"கரண்டு ஆபீஸ்ல சும்மா விட்டாங்களா?"

"விடுவாங்களா? ஆளுக்கொரு மீட்டரை இடுப்புல மாட்டிட்டாங்க!"

பெஞ்சே சிரித்தது. சாருக்குச் சுதி ஏறிவிட்டது.

"அதாவது பரவால்ல. ஜெபராணி வளத்த மண்புழு இருக்கே, ஊர்க் குப்பையெல்லாம் தீந்துபோய், நாளைக்குப் போடப்போற குப்பையை இன்னைக்கே உரமாக்கிருச்சு. அதுல ஒண்ணு தப்பிச்சு மண்ணுக்குள்ள ஓடிட்டு. அந்த ஓட்டையில தண்டவாளம் போட்டா திருச்செந்தூருக்குப் பத்தே நிமிசம்! ரயில்வேக்காரங்க இன்னும் கெஞ்சிட்டிருக்காங்க."

"ஐயோ சார், கொஞ்சம் குறைங்க!"

"குறைச்சுத்தாம்மா சொல்றேன். முழுசாச் சொன்னா நீ நம்ப மாட்டே."

மணி மூன்று ஐம்பத்தைந்து. செண்பகவல்லி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "உங்க வகுப்பு எனக்குத் தேவையே இல்ல சார். கொசு அண்டாத மல்லிகைச் செடி நானே வளத்துட்டேன். தொழில் திட்டமும் எழுதியாச்சு. இந்தாங்க, பாருங்க."

சார் புரட்டினார். மூன்று மாதச் சோதனை, வரைபடம், கணக்கு எல்லாமே அருமை. அவருக்கே பெருமையாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், "வாங்கப்போவது யார்?" என்ற கட்டத்துக்குள் ஒரே ஒரு பதில்: ஹோமோ சேப்பியன்ஸ். ரெக்கார்டு நோட்டில் அறிவியல் பெயருக்குப் போடுகிற மாதிரி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு.

சார் அளக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"எண்ணூறு கோடிப் பேரும்மா. முதல்ல யாரு வீட்டுக் கதவைத் தட்டப் போறே?"

செண்பகவல்லி அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.

"பேனா இருக்கா சார்?"