கீரியின் பொறாமையும் ஆள்காட்டியின் கூப்பாடும்

தேரிக்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு கீரியும் ஓர் ஆள்காட்டிக் குருவியும் வசித்து வந்தன. கீரியின் பேர் மதியூகி. அது தனக்குத்தானே வைத்துக்கொண்ட பேர். குருவியின் பேர் கிருபை. அது அம்மா வைத்த பேர்.

பொய் சொல்லக்கூடாது, கீரி கெட்டிக்காரன்தான். எந்தப் பொந்தில் பாம்பு இருக்கிறது, எந்த மாதம் குளம் வற்றும், வேடன் எந்த உடைமரத்தடியில் கண்ணி வைப்பான், எல்லாம் அதற்கு அத்துப்படி. தினமும் காலையில் குளத்துக்கு மேற்கே உள்ள செம்மணல் மேட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். முயல், காட்டுப்பன்றி, கௌதாரி, உடும்பு எல்லாம் கீழே நின்று ஆலோசனை கேட்கும். யார் என்ன கேட்டாலும் கீரி முதலில் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்கும்.

"இதுல உனக்கு என்ன லாபம்?"

ஒருநாள் காட்டுப்பன்றி வந்து, "அண்ணாச்சி! வடக்குப் பக்கம் கிழங்கு விளைஞ்சு கிடக்கு. எனக்கும் முள்ளம்பன்றிக்கும் தகராறு!" என்றது.

"அது பகல்ல தூங்கும்லா? அந்த நேரம் பார்த்துப் பூராத்தையும் தோண்டித் தின்னுரு!" என்றது கீரி.

பன்றி அப்படியே செய்தது. வயிறும் நிறைந்தது. மறுநாள் முள்ளம்பன்றி வந்தது. பன்றியின் மூக்கில் ஏழு முள் நின்றது!

வலி தாங்காமல் பன்றி குளத்தங்கரையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. கிருபை அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. "இருங்க, ஆண்டவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று கண்ணை மூடியது. பிறகு சொன்னது: "நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்க. இனிமே விளையுறதுல பாதி அதுக்குன்னு சொல்லுங்க."

"குத்துனவன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமா?" என்று பன்றி உறுமியது. ஆனாலும் மூக்கு வலி அதை விடவில்லை. போய்க் கேட்டது. முள்ளம்பன்றி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தது. பிறகு தானே பக்கத்தில் வந்து, ஏழு முள்ளையும் பல்லால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டது.

அன்றிலிருந்து மணல்மேட்டில் கூட்டம் குறைந்தது. முயல் கிருபையிடம் போனது. உடும்பு போனது. தவளைகூடப் போனது!

கீரிக்குத் தின்ற எலி தொண்டையில் இறங்கவில்லை. வயிற்றெரிச்சல். "நான் பாம்போடு சண்டை போட்டுக் கற்ற அறிவு என்ன, இந்த நெட்டைக்கால் குருவி கண்ணை மூடிக்கொண்டு சொல்வது என்ன!" என்று தனக்குள் பொருமியது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் நேரிலேயே போய்விட்டது.

"ஏட்டி கிருபை! இதெல்லாம் நீ எங்க படிச்ச?"

"படிக்கல அண்ணாச்சி. கேக்குதேன்."

"கேட்டுத்தான் சொல்லணும்னா, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதானே அர்த்தம்!"

"ஆமா அண்ணாச்சி. அதைத்தான் முதல்ல ஒத்துக்கிடுதேன். படைச்சவருக்கு முன்னால நான் எம்மாத்திரம்? அந்தப் பயம் வந்த பிறகுதான் எனக்குக் கொஞ்சமாவது புத்தி வந்துது."

"பயந்தவன் எங்கயாவது புத்திசாலியா இருப்பானா?" என்று கீரி சிரித்தது.

கிருபை கோபப்படவில்லை. "உங்க அறிவும் அவரு குடுத்ததுதானே அண்ணாச்சி! கண்ணி விசயம் யாரு கேட்டாலும் நான் உங்ககிட்டதான் அனுப்புதேன். என்ன ஒண்ணு, அறிவை வச்சு அடுத்தவனை எப்படி முந்தலாம்னு பார்க்கீங்க. எப்படித் தாங்கலாம்னும் பார்க்கலாம்லா?"

திட்டியிருந்தால்கூடக் கீரிக்கு ஆறியிருக்கும். பாராட்டியதுதான் தாங்க முடியவில்லை. வால் மயிர் சிலிர்க்கத் திரும்பி நடந்தது.

அடுத்த வாரம் ஒரு துக்கம் நடந்தது. வேடன் வந்தான். அவனைத் தூரத்தில் பார்த்ததுமே கிருபை தொண்டை கிழியக் கத்தியது. எல்லாம் ஓடி ஒளிந்தன. ஆண் கௌதாரி மட்டும் சிக்கிக்கொண்டது.

பெண் கௌதாரி அழுதுகொண்டே மணல்மேட்டுக்கு வந்தது. கீரிக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டது.

"உன் புருசனை வேடன் பிடிக்கதுக்கு முந்தி யாரு கத்துனது?"

"கிருபை அக்கா."

"யாரு கத்துன பிறகு வேடன் வந்தான்?"

கௌதாரி அழுகையை நிறுத்தியது.

"போன மாசம் முயல்குட்டி போச்சே, அன்னைக்கும் கத்துனது யாரு? யோசிச்சுப் பாரு! அவ கத்தித்தான் நாம இருக்கிற இடம் அவனுக்குத் தெரியுது!"

பாருங்கள், எவ்வளவு சாமர்த்தியம்! வேடன் வந்ததால் குருவி கத்தியது. அதைக் குருவி கத்தியதால் வேடன் வந்தான் என்று திருப்பிப் போட்டுவிட்டது. துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பழிபோட ஓர் ஆள் கிடைத்தால் போதும். கூட்டம் கூடியது. தீர்ப்பும் ஆனது. இனி கிருபை வாயைத் திறக்கக்கூடாது. ஒரு சத்தம் கேட்டாலும் குளத்தங்கரையை விட்டே போய்விட வேண்டும்.

கிருபை தன் முட்டைகளைப் பார்த்தது. ஆள்காட்டி கூடு கட்டாது. வெறுந்தரையில், சரளைக் கல்லோடு கல்லாக முட்டையிடும். அப்போது நான்கு முட்டைகள் கிடந்தன. குஞ்சு பொரிக்க இன்னும் இரண்டே நாள். முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

"சரி" என்று தலையைக் குனிந்துகொண்டது.

கீரிக்கு இதோடு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. மறுநாள் பார்த்தால், காட்டுப்பன்றி கிருபையின் பக்கத்தில் போய்ச் சும்மா படுத்துக் கிடக்கிறது! ஒன்றும் பேசாத குருவியோடு இருப்பதுகூட அதற்கு ஆறுதலாம். பொறாமைக்கு எவ்வளவு போட்டாலும் வயிறு நிறையாது. "முட்டையே இல்லேன்னா இங்க அவளுக்கு என்ன வேலை? தானாப் போயிருவா!" என்று கீரி முடிவு செய்தது.

உச்சி வெயில். பன்றி சேற்றில் புரளப் போயிருந்தது. கீரி பதுங்கிப் பதுங்கி வந்தது. கண் முழுக்க முட்டைமேல்தான்.

வழியில் உடைமரத்தடியில் சருகு குவிந்திருந்தது. அதற்கடியில் புதுக் கண்ணி. காட்டில் உள்ள கண்ணியெல்லாம் அத்துப்படியான கீரி, அன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கிருபை பார்த்தது. கீரி வருவதையும் பார்த்தது. எதற்கு வருகிறது என்பதும் புரிந்தது. கண்ணியையும் பார்த்தது. இன்னும் நாலு எட்டுதான்!

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். முட்டை தப்பும். இருக்கிற இடம் தப்பும். பகையும் ஒழியும். யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூட்டம் போட்ட கட்டளையே அதுதானே! கிருபை ஒரு கணம் கண்ணை மூடியது.

"அண்ணாச்சி! நில்லுங்க! கண்ணி! கண்ணி!"

குளமே அதிர்ந்தது. கீரி நின்று, பல்லைக் காட்டிச் சிரித்தது. "முட்டைக்காகப் பொய் சொல்லுதியா? உன் இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்!" என்று முன்காலைத் தூக்கியது.

கிருபை பாய்ந்து பறந்து வந்து அதன் முன்னால் விழுந்தது. ஒரு சிறகு தரையில் பட்டுப் படபடவென்று அடித்தது.

கீரி இன்னும் பலமாகச் சிரித்தது. "சிறகு ஒடிஞ்ச மாதிரி நடிச்சு, முட்டைகிட்ட வாரவனை வேற பக்கம் இழுத்துட்டுப் போறது உங்க குலத்துக்கே தெரிஞ்ச வித்தை! என்கிட்டயா காட்டுத?"

பிறகுதான் கீழே பார்த்தது. குருவியின் காலில் நரம்புக் கயிறு இறுகியிருந்தது. தோல் கிழிந்து ரத்தம் வந்தது. கீரி கால் வைக்கப் போன அதே இடம்.

கீரியின் சிரிப்பு நின்றது.

"நான் எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். பேசாதீங்க, வேடன் வந்துருவான். ஓடுங்க!"

கீரி ஓடவில்லை. நினைத்ததெல்லாம் தானாக நடந்துவிட்டது. குருவி தொலைந்தது. முட்டை எதிரே கிடக்கிறது. பழிகூட இல்லை. ஆனால் அதற்கு இப்போது முட்டை வேண்டியிருக்கவில்லை. தான் கற்ற அத்தனையிலும் தேடிப் பார்த்தது. பகைக்காரனுக்காகத் தன் காலைக் கொடுப்பதில் என்ன லாபம் என்று அதற்கு விளங்கவே இல்லை. தன்னால் இது ஒருநாளும் முடிந்திருக்காது என்பது மட்டும் விளங்கியது.

சட்டென்று குனிந்து கயிற்றைக் கடித்தது. ஈறு கிழிந்தது. விடாமல் கடித்து அறுத்தது. இரண்டும் புதருக்குள் புகுந்தன. வேடன் வந்து அறுந்த கயிற்றைப் பார்த்து வைதுவிட்டுப் போனான். கல்லோடு கல்லாகக் கிடந்த முட்டைகள் அவன் கண்ணில் படவில்லை.

அவன் போனதும் எல்லா விலங்கும் கூடின. பெண் கௌதாரி ஆத்திரத்தோடு முன்னால் வந்தது.

"கத்தினியா இல்லியா? அவன் வந்தானா இல்லியா? கிளம்பு!"

கிருபை ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. "ரெண்டே ரெண்டு நாள் பொறுத்துக்கிடுங்க. குஞ்சு பொரிச்சதும் போயிருதேன்" என்று கெஞ்சியது.

"ஒரு நாழிகைகூட முடியாது!"

நடந்தது யாருக்கும் தெரியாது. கீரி பேசாமல் இருந்திருக்கலாம். மேடும் கூட்டமும் மறுபடி அதற்கே கிடைத்திருக்கும். அது மேட்டின்மேல் ஏறவில்லை. கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றது.

"உன் புருசனைப் பிடிச்ச அன்னைக்கு அவ கத்துனதால வேடன் வரல. வேடன் வந்ததாலதான் அவ கத்துனா. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

கௌதாரி திகைத்துப்போனது. "தெரிஞ்சேவா அப்படிச் சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"எல்லாரும் அவகிட்டப் போனீங்க. எனக்குப் பொறுக்கல. இன்னைக்கு அவ முட்டையைத் திங்கத்தான் வந்தேன். என்னைக் காப்பாத்தத்தான் கத்துனா. நான் மிதிக்க இருந்த கண்ணியை அவ மிதிச்சா."

கௌதாரி மெல்ல நடந்து கிருபையிடம் போனது. ரத்தம் வழிந்த காலைப் பார்த்தது. தேம்பியபடி சொன்னது:

"அக்கா, நீ இங்கனயே இரு. கத்து. எங்க எல்லாருக்காகவும் கத்து."

அடுத்தவனை முந்தப் பார்க்கிற உலக ஞானம் பொறாமை வந்ததும் கண்ணிருந்தும் குருடாகும். கடவுளுக்குப் பயந்து பெற்ற ஞானமோ பகைவன் காலடியில் இருக்கும் கண்ணியையும் கண்டு தன்னைக் கொடுத்துக் காக்கும்.