பந்தியும் பக்கக் கதவும்

அந்தக் கல்லீரல் ஆராய்ச்சிக் கூடத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு பேராசிரியை மெஹருன்னிஸா. சீடர் குற்றாலிங்கம், கிளினிக்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்த டாக்டர். இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. கேட்காதவர்களுக்குத்தான் சொல்வார்.

அவருடைய நோயாளி வள்ளிமயில், மணப்பெண் அலங்காரம் செய்பவர். கல்லீரலில் பித்தக் குழாய்கள் சுருங்கிவிட்டன. குடலுக்கு இறங்க வேண்டிய பித்தநீர் தேங்கி இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் அரிப்பு.

"சார், ஒரு பொண்ணுக்கு மை போட்டுக்கிட்டிருக்கும்போதே முதுகு அரிச்சிட்டு. புருவம் காது வரைக்கும் போயிட்டு. இனிமே யாரு என்னைக் கூப்பிடுவா?"

அழுகையும் சொறிதலும் ஒன்றாக நடந்தன. குற்றாலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. நேரே குருவிடம் போனார்.

"மேடம், கல்லீரல் செல்லுலேருந்து பித்தத்த வெளிய தள்ளுற புரதம் இருக்குல்லா, அதத் தூண்டுற மருந்து குடுத்தாச்சு. அரிப்பு அடங்கல. அளவ இன்னும் ஏத்திரட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை நம்ம அட்டெண்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்க சார்."

"நான் மருந்தப் பத்திக் கேட்டேன்."

"நான் சாப்பாட்டப் பத்திச் சொல்லுதேன். பசியோட வாங்க."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சாப்பிடுகிறவரின் நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, இலையில் இன்னும் எத்தனை வாய் மிச்சம் என்று எட்டிப் பார்ப்பது நம் ஊர் நாகரிகம். அன்று எட்டிப் பார்த்தவருக்குப் பின்னாலும் ஒருவர் எட்டிப் பார்த்தார். கை கழுவப் போகும் வாசலோ ஓர் ஆள் அகலம்.

பசி பொறுக்காத குற்றாலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். சாப்பிட்டு எழுந்தவர்களை அந்த வாசல் வழியாகத் தள்ள ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் சித்தப்பாவையும் தள்ளினார். திரும்பி வரும்போது சட்டையில் அந்தச் சித்தப்பாவின் சாம்பார் விரல்கள் பதிந்திருந்தன. கூட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

"எவ்வளவு தள்ளுனாலும் குறைய மாட்டேங்குதே மேடம்!"

மெஹருன்னிஸா பின்பக்கம் நடந்தார். கை கழுவியவர்கள் அங்கே ஒரு பக்கக் கதவு வழியாக மறுபடி கூடத்துக்குள்ளேயே வந்துகொண்டிருந்தார்கள். பீடாத் தட்டு உள்ளேதான் இருந்தது. பீடாவை மென்றபடி, சாப்பிடும் சொந்தக்காரர்களிடம் ஊர்க்கதை பேசி நின்றார்கள்.

குரு பீடாத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பக்கக் கதவைச் சாத்தினார். அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பீடா இங்க. வழி அங்க, தெருவுக்கு."

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் மூச்சு விட முடிந்தது. வெளியே ஏதோ ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. குற்றாலிங்கத்துக்கு இலை போட்டார்கள். முதல் வாய் சோற்றோடு அவர் கை பாதியில் நின்றது.

"மேடம்! சிறுகுடல்!"

பக்கத்து இலைக்காரர் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"பித்தநீரோட குடலுக்குப் போன பித்த உப்பு எல்லாம், சிறுகுடலோட கடைசில ஒரு புரதம் வழியாத் திரும்பக் கல்லீரலுக்கே வருதுல்லா! அந்தப் பக்கக் கதவச் சாத்தாம நான் கை கழுவுற வாசல்ல நின்னு தள்ளிக்கிட்டிருக்கேன்!"

"ரசம் ஆறுது சார்," என்றார் குரு.

மருந்து மாறியது. அந்தப் புரதத்தை அடைக்கும் மாத்திரை தொடங்கியது. அடுத்த முறை வள்ளிமயில் வந்தபோது, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். குற்றாலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. குருவையும் அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"அரிப்பு?"

"இல்ல சார். நல்ல ஒறக்கம். புருவமெல்லாம் அச்சுல வார்த்த மாதிரி வருது."

"பிறகென்ன!"

"கை நிலையா நிக்கி சார். ஆளுதான் நிக்க முடியல." வள்ளிமயில் குரலைத் தாழ்த்தினார். "வயிறு இளகிட்டு. நேத்து ஒரு கண்ணுக்கு மை போட்டுட்டு ஓடுனேன். திரும்பி வாறதுக்குள்ள பொண்ணு ஒத்தக் கண்ணு மையோட மணவறைக்குப் போயிட்டா."

குற்றாலிங்கத்தின் முகம் விழுந்துவிட்டது.

"மாத்திரைய நிறுத்திரட்டுமா மேடம்?"

"ஐயையோ, அரிப்பு திரும்ப வந்துரும்!" என்று வள்ளிமயில் அலறினார்.

குரு சீடரைப் பார்த்தார்.

"அன்னைக்கு பஸ் ஹாரன் அடிச்சுதே, கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு. எவனோ தெருவ அடைச்சுக்கிட்டு நிக்கான்னு நெனச்சேன்."

"நாம அனுப்புன ஆட்கதான். இங்க அந்தத் தெரு, பெருங்குடல். மாத்திரை அளவக் குறைச்சு, கதவக் கொஞ்சம் ஒருக்களிச்சு வைங்க."